மாலை போடாத சம்பத்

ஆந்திர எல்லைப் பக்கம், புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டியிருக்கிற ஊரில் இறங்கி, 'ஆட்டோ சம்பத் வீடு எது?' என்று கேட்டுப்பாருங்கள். வழி சொல்வதற்கு முன்னால் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்புறம் கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஒரு சாடை காட்டுவார்கள். அந்தச் சாடைக்கு அர்த்தம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது சுத்தப் பொய். சம்பத் இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு 'வேணாம்' என்று தள்ளிவிடுகிற ஆள். இது அவன் பெண்டாட்டி அம்சவேணிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவன் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் படுத்து எழுந்திருக்கிறவள் அவள்தானே.

அப்புறம் எப்படி இந்தப் பேர் வந்தது? சேர்க்கைதான், வேறென்ன. நாராயணவனம் ரோட்டில் ஒரு பிராந்திக் கடை. அதன் பின்னால் மாந்தோப்பு. பொழுது சாயும் நேரத்தில் அந்தத் தோப்பில் நான்கு பேர் வட்டமாகக் குந்தியிருப்பார்கள். விசைத்தறி ஓட்டுகிற கங்கையா, மாங்கூழ் ஃபாக்டரியில் லோடு ஏற்றுகிற தமிழ்செல்வன், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சுனில், நாலாவதாக நம்ம சம்பத். மூன்று பேர் கையிலும் கிளாஸ். சம்பத் கையில் பன்னீர் சோடா, மடியில் வேகவைத்த வேர்க்கடலை. நாலு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மூன்று பேரைக் குடி பிடித்துக்கொண்டது, ஒருத்தனை விட்டுவிட்டது. அதற்காகப் பெஞ்சை மாற்றிக்கொள்ள முடியுமா என்பது சம்பத் கட்சி.

அந்தத் தோப்பில் அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பாட்டில் மூடியில் கை வைப்பதற்கு முன்னால் மூன்று பைக் சாவிகளும் அவன் சட்டைப் பைக்குள் வந்துவிட வேண்டும். "சாவியக் குடு, அப்பறம் எந்தக் கருமத்தயாவது தொற" என்பான். குடித்து முடித்ததும் மூன்று பேரையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீடு வீடாக இறக்கிவிடுவான். பைக்குகள் கடை வாசலிலேயே கிடக்கும். விடிந்ததும் சம்பத் வீட்டுக்கு வந்து அசடு வழியச் சாவி வாங்கிக்கொண்டு நடந்துபோய் எடுத்துக்கொள்வார்கள். கங்கையாவின் பெண்டாட்டி ஆட்டோ சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாளாம். இவ்வளவு வருஷத்தில் மூன்று பேரில் ஒருத்தனுக்கும் முட்டியில் சிராய்ப்புகூட ஆனதில்லை.

ஆனால் அம்சவேணிக்கு வயிறு எரியும். சந்தோஷமாக இருந்தால் அவனை 'மாமா' என்பாள், கோபம் வந்தால் 'யோவ்' என்பாள். அந்தத் தோப்பு விஷயத்தில் எப்போதும் 'யோவ்'தான்.

"யோவ், குடிச்சிட்டு வாங்கற பேர குடிக்காமயே வாங்கிக்கினு வரியே, உனக்கு இன்னாய்யா லாபம்?"

"கடலை துன்றேனே, அது லாபந்தானே?"

கையில் கரண்டி இருந்தால் அது பறக்கும். அவன் சிரித்துக்கொண்டே குனிந்துகொள்வான். அந்தச் சிரிப்புதான் அவளை இன்னும் எரிச்சலூட்டும்.

இதில் இன்னொரு கூத்து கேளுங்கள். அந்தப் பக்கத்தில் குடிக்கிற ஆண்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாலை போட்டுக்கொள்வார்கள். திருத்தணி முருகனுக்கு, சபரிமலைக்கு, ஏழுமலையானுக்கு, ஏதோ ஒரு சாமிக்கு. மாலை கழுத்தில் ஏறிவிட்டால் ஒரு மண்டலம் குடி கிடையாது, கவிச்சி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. எப்பேர்ப்பட்ட குடிகாரனும் அந்த நாட்களில் கட்டுப்படுவான், ஊரும் அவனைச் 'சாமி' என்று கூப்பிடும். சம்பத் மாலை போட்டதேயில்லை. குடிக்கிறவன் அல்லவா நிறுத்துவதற்குப் போட வேண்டும்? ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? 'மத்தவனுங்களாவது ஒரு மண்டலம் சும்மா இருக்கறானுங்க. இந்த சம்பத்தால அது கூட முடியல, அவ்ளோ பெரிய குடிகாரன்' என்று. இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

இதுவரைக்கும் வாய்ப்பேச்சு. இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் அது சோற்றில் கை வைத்தது.

சம்பத்தின் பிழைப்பே பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். காலையில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புத்தூரில் இங்கிலீஷ் மீடியத்தில் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவான். வேகத்தடை வந்தால் அன்ன நடை. பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கி, அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துவான். அப்படிப்பட்டவனை யாரோ ரோட்டிலிருந்து செல்போனில் படம் பிடித்துப் பெற்றோர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். படத்தில் தோப்பு, நடுவில் பாட்டில்கள், சுற்றி நாலு பேர். சம்பத்தின் சோடா தமிழ்செல்வனின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது, அவன் வாயைப் பிளந்து சிரிக்கிற சிரிப்பு மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

ரேகா என்று ஒரு அம்மா. அவளுடைய ஒரே பெண் யாமினி அந்த ஆட்டோவில்தான் போகிறாள். ரேகா பொல்லாதவள் ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளையை இவன் கையில் கொடுத்தனுப்புகிறவள் அந்தப் படத்தைப் பார்த்தால் பயப்படத்தானே செய்வாள்? அவள்தான் எல்லாரையும் கூட்டினாள். அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் பெற்றோர்கள் உட்கார்ந்தார்கள். சம்பத்தும் அம்சவேணியும் நடுவில் நின்றார்கள்.

"நான் குடிக்கிறதில்லீங்க" என்றான் சம்பத்.

"அப்ப அங்க ஏன் குந்திக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள் ரேகா.

"சிநேகிதனுங்கம்மா."

இந்த நேரம் பார்த்தா அந்த மூன்று பேரும் வந்து சேர வேண்டும்! சிநேகிதனுக்குச் சாட்சி சொல்ல வந்தார்களாம். வந்தவர்கள் நாக்கை நனைக்காமலாவது வந்தார்களா? தைரியத்துக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தமிழ்செல்வன் தூணைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன், எங்க சம்பத்து ஒரு சொட்டு தொட மாட்டான்" என்று முழங்கினான். முன்வரிசையில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். கங்கையா பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக அழவே ஆரம்பித்துவிட்டான். சுனில் அவனைத் தேற்றப் போய், இரண்டு பேரும் சேர்ந்து சாய்ந்து உட்கார்ந்தார்கள். அம்சவேணிக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதோடு தீர்ந்தது. ரேகா கொஞ்சம் இறங்கி வந்து ஒரு வழி சொன்னாள். "ஆடிக் கிருத்திக வருது. நீங்க திருத்தணிக்கு மாலை போட்டுக்குங்க. நாங்க நம்பறோம்."

எவ்வளவு சுலபமான வழி! தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். இந்த மனிதன் தலையைச் சொறிந்தான். "முருகன்கிட்ட போய் இன்னான்னு சொல்லிப் போட்டுக்கறதும்மா? எத நிறுத்தறேன்னு சொல்றது? அதுவுமில்லாம மாலை போட்டுக்கினு தோப்புல குந்த முடியாது. அப்பறம் இவனுங்கள யாரு வூட்ல சேக்கறது?"

"பாத்தீங்களா, ஒரு மண்டலம் கூட முடியாதாம்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

மறுநாள் முதல் வண்டி காலி என்று அம்சவேணிக்குப் புரிந்துவிட்டது. அவள்தான் முன்னால் வந்தாள். "இனிமே நானும் கூட வரேன். போவும்போதும் வரும்போதும் வண்டில குந்திக்கினு வரேன். எந்தக் குடிகாரனும் இந்த வண்டில கால் வெக்க மாட்டான். இது அவரு வாக்கு இல்ல, என் வாக்கு." ஊரில் அவள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் சம்பத் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொல்லிட்டல்ல, அப்டியே செஞ்சிரலாம்" என்று மட்டும் சொன்னான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கரண்டி வீசுகிற அளவுக்கு வெறுத்த சிரிப்பு இல்லாதபோது அவளுக்கு என்னவோ போல இருந்தது.

போதை தெளிந்து சேதி தெரிந்ததும் மூன்று பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களால்தானே அவன் பேர் கெட்டது என்று, சம்பத் போட மறுத்த மாலையை அவர்களே போட்டுக்கொண்டார்கள். மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வாசலில் வந்து நின்றார்கள். "அரோகரா! ஆட்டோ வேணாம், சம்பத்து. ஒனக்கு இனிமே இக்கட்டு இல்ல" என்று சுனில் சொன்னான். மண்டபத்தில் அன்று அவர்களிடம் வாங்கி வைத்திருந்த சாவிகளைச் சம்பத் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொருத்தன் கையிலும் கொடுத்தான். அம்சவேணி மூன்று சாமிகளுக்கும் மோர் கொடுத்தாள். பழி விலகியது என்று அவளுக்கு அன்று அவ்வளவு நிம்மதி.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. அம்சவேணி முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வருவாள். அவன் வண்டி ஓட்டுகிற அழகை அவள் இதுவரை பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. நாய் குறுக்கே வந்தாலும் திட்டமாட்டான். பின்னால் பிள்ளைகள் ரகளை செய்தால் கண்ணாடியில் ஒரு பார்வை, அடங்கிவிடும். சாயங்காலம் வீடு திரும்பினால் வெறுமனே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். இரண்டொரு தடவை கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும்.

ஆடி பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். நல்ல வெயில். ஊருக்கு முன்னால் இருக்கிற வளைவில் ஒரு பைக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மஞ்சள் வேட்டி. நாலைந்து பேர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் கிட்டே போகவில்லை.

"மாலை போட்டுக்கினு குடிச்சிருக்கான், பாவி. தொட்டா நமக்கும் பாவம்" என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கங்கையா. சாராய நாற்றம் ஆட்டோ வரைக்கும் அடித்தது. குடிக்கச் சொல்லி நாக்கு இழுத்திருக்கிறது, அவ்வளவுதான், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மாலையோடு இங்கே குடித்தால் தெரிந்துவிடும் என்று நாகலாபுரம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம், ஊத்துக்கோட்டைக்குப் போய்க் குடித்துவிட்டு, தானே பைக் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சாவி வாங்க ஆள் இல்லை. நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

சம்பத் பிரேக்கை மிதித்தான். மிதித்தவன் இறங்கவில்லை. ஹேண்டிலை விடாமல் அம்சவேணி முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும். நடுவில் அவள் கொடுத்த வாக்கு. அவன் உயிர் அங்கே துடிக்கிறது, ஆனாலும் அவள் வார்த்தையைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான் அந்த மனிதன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் கெஞ்சியதில்லை. அப்போதும் கெஞ்சவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

"இன்னாய்யா பாத்துக்கினு கீற, எறங்கு!" என்று கத்திக்கொண்டே அவள்தான் முதலில் குதித்தாள்.

கிட்டே போனதும் கங்கையா கண்ணைத் திறந்தான். அண்ணி என்பதைத் தெலுங்கில்தான் அவனுக்குச் சொல்ல வரும். "வதினா... மாலை, வதினா... முருகா..." என்று நெஞ்சில் கையை வைத்து மாலையை மறைக்கப் பார்த்தான். வலியைவிட அவமானம் அவனைக் கொன்றுகொண்டிருந்தது. போட்டுவிட்ட குருசாமிதான் கழற்ற வேண்டிய மாலை. அவர் இல்லாவிட்டால் பெற்றவள் கழற்றலாம். அம்சவேணி யோசிக்கவேயில்லை. அவன் தலையை மெல்லத் தூக்கி, மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆட்டோ கண்ணாடிக்கு மேலே இருந்த முருகன் படத்தில் மாட்டினாள். "இப்ப உன் கழுத்துல ஒண்ணும் இல்ல. உன்ன பெத்தவ மாதிரி நெனச்சிக்கோ. அழாத" என்றாள்.

கூட்டத்தில் இருந்தவர்கள் அப்போதும் கை கொடுக்கவில்லை. சம்பத் தோளைப் பிடிக்க, அவள் காலைத் தாங்க, பிள்ளைகள் பின்னாலும் முன்னாலும் நெருக்கி இடம் விட்டார்கள். யாமினி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். கங்கையாவின் தலை அந்தப் பிள்ளை மடியில்தான் இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தம் போயே ஆள் போயிருப்பான் என்று டாக்டர் சொன்னார். நெற்றிக்குத் தையல் அங்கே. காலுக்குப் புத்தூர்க் கட்டு இருக்கவே இருக்கிறது. எலும்பு உடைந்தவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ தேடி வருகிற இடத்தில் பிறந்தவன் அல்லவா.

மறுநாள் காலையில் ரேகா வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் யாமினியின் யூனிஃபார்ம்.

"எந்தக் குடிகாரனும் ஏற மாட்டான்னு சொன்னீங்களே. பாருங்க, எம்பொண்ணு சட்டைல ரத்தம்."

சம்பத் வாயெடுப்பதற்குள் அம்சவேணி முந்திக்கொண்டாள். "அவரு ஏத்தல, ரேகா. அவரு எறங்கவே இல்ல. என் வாக்குக்குக் கட்டுப்பட்டுக் குந்திக்கினு இருந்தாரு. நான்தான் எறங்கி ஏத்தினேன். மீறினவ நான், என்னக் கேளு. சட்டையக் குடு, தொவச்சித் தரேன். உம்பொண்ணு மடில ஒருத்தன் உசுரோட வந்து சேந்தான். அது கற மட்டும் இல்ல, ரேகா."

ரேகா சட்டையைக் கொடுக்கவில்லை. அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அன்று யாமினி வரவில்லை, இன்னும் சில பிள்ளைகளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து யாமினி புத்தகப் பையோடு ரோட்டில் நின்றாள். ரேகா கதவோரம் நின்றபடி, "இனிமே இந்த மாதிரி ஆளுங்கள ஏத்த மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். அம்சவேணி நகர்ந்து பிள்ளைக்கு இடம் விட்டாள். மற்றவர்கள் திரும்பி வரவேயில்லை, அந்த இடங்கள் காலியாகவே ஓடுகின்றன.

ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்செல்வனும் சுனிலும் காவடி எடுத்துப் போய், மொட்டை போட்டு, மாலை கழற்றிவிட்டு வந்தார்கள். கங்கையாவின் மாலையையும் அவர்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதோடு மூன்று பேரும் குடியை விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கங்கையாகூடக் காலில் கட்டு இருந்தவரைக்கும்தான்.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள், பொழுது சாயும் நேரம். சம்பத் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே இரண்டு பைக்குகள் பிராந்திக் கடைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. அவன் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அம்சவேணி அடுப்பிலிருந்து கடலைக் குண்டானை இறக்கி வடித்தாள். ஒரு பையில் அள்ளிப் போட்டு அவன் மடியில் வைத்தாள்.

"மாமா, எழுந்திரு."

அவன் அவளையே பார்த்தான். எத்தனை நாளாயிற்று அந்த 'மாமா'வைக் கேட்டு.

"எங்க?"

"எங்கயா? பைக்கு ரெண்டும் அந்தப் பக்கம் போச்சே, காதுல விழல?"

"நீ வாக்குக் குடுத்துக்கீற, அம்சா. இருக்கற பசங்களும் நின்னுருவாங்க."

"நின்னா நிக்கட்டும். யாமினி அம்மாகிட்ட நானே போய் சொல்லிக்கறேன். நம்பறவங்க அனுப்பட்டும். காலைல பசங்க ஏறதுக்கு முன்னாடி சீட்ட கழுவிடறேன்."

"மறுபடி போட்டோ புடிப்பாங்க."

"புடிக்கட்டும். இந்த வாட்டி சோடாவ நல்லா தெரியற மாதிரி வெச்சிக்கினு குந்து."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பு. ஊரே கட்டைவிரலைக் காட்டிக் கேலி செய்கிற இந்த ஆளைப் போல ஒருத்தன் புத்தூர், திருப்பதி, சித்தூர் என்று எங்கே தேடினாலும் கிடைக்கமாட்டான் என்று அம்சவேணிக்குத் தோன்றியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இன்னா நின்னுகினு கீற? மூடியத் தொறந்துடப் போறானுங்க. போய் மொதல்ல சாவிய வாங்கு."

ஆட்டோ கிளம்பிப் போயிற்று. அவள் உள்ளே வந்து தோசைக்கல்லை எடுத்துத் துடைத்து அடுப்போரம் வைத்தாள். வண்டி திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகு போடலாம் என்று கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.